முற்றத்துக் கதவு

சென்ற திங்கள் இப் பகுதியில், மழைக்காலத்தில் அரிசி பருப்பு வகைகளைப் பூச்சி அண்டாமல் காக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் சிலர், “வீட்டுக் கதவைப் பற்றியும் எழுதுக. எங்கள் கொல்லைக் கதவு ஆனி ஆடியில் திறப்பதில்லை, தை மாசியில் மூடுவதில்லை” என்று கேட்டிருந்தனர். அவர்கள் நகைச்சுவையாகத்தான் எழுதினர். ஆயினும் எனக்கு நகை வரவில்லை. அதன் காரணத்தைச் சொல்லிவிட்டே கதவுக்கு வருகின்றேன்.

நான் வாழ்வது வித்துராவில். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், மலையடியில் அமைந்த ஊர் இது. என் தந்தையார் சங்கரன்கோவிலை அடுத்த கரிசற் சிற்றூர் ஒன்றிலிருந்து இம் மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திற்குக் கணக்கப்பிள்ளையாக வந்தவர். 1986-ஆம் ஆண்டில், சேர்த்த பணம் அனைத்தையும் செலவிட்டு இங்கே ஒரு சிறு வீடு கட்டினார். அவர் மறைந்த பின் அவ் வீட்டில் என் தாயாரும், என் மனைவியும், எங்கள் மகளும், நானும் இருக்கின்றோம். நான் நாள்தோறும் பேருந்தேறித் திருவனந்தபுரம் சென்று இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி பார்த்து, இரவில் வீடு திரும்புகின்றவன்.

வீட்டின் கூடத்திற்கும் பின்முற்றத்திற்கும் இடையே உள்ளது எங்கள் இரட்டைக் கதவு. வாயிற்கதவு விருந்தினருக்கு உரியது. முற்றத்துக் கதவே வீட்டாருக்கு உரியது. துணி உலர்த்துவதும், மிளகு காய வைப்பதும், மாலையில் காற்று வாங்குவதும் அதன் வழியேதான். என் தாயார் நாற்பது ஆண்டுகளாக அக் கதவின் உட்புறத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்துப் பால் கணக்கு வைத்து வருகின்றார்கள். திங்கள் முடிவில் கோடுகளை எண்ணிப் பணம் கொடுத்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மீண்டும் முதற் கோடு கிழிப்பார்கள்.

அக் கதவு சில ஆண்டுகளாகத் தொல்லை தந்தது. மழை தொடங்கியதும் உப்பிக்கொள்ளும். தோள் கொடுத்துத் தள்ளினால்தான் அசையும். ஓர் ஆனித் திங்களில் பொறுமையிழந்து, தச்சர் ஒருவரை அழைத்து ஓரங்களை இழைக்கச் செய்தேன். அன்று கதவு இனிதே மூடியது. ஆனால் மாசி வந்ததும் இரு கதவுகளுக்கும் இடையே விரல் நுழையும் சந்து விழுந்தது. எறும்பு வந்தது, பூரான் வந்தது. அடுத்த மழையில் மீண்டும் உப்பியது. ஈரத்தில் வீங்கிய மரத்தை இழைப்பது, கால் வீங்கியிருக்கும்போது செருப்புக்கு அளவு கொடுப்பது போன்றது என்பதை அப்போது நான் அறியவில்லை.

“புதுக் கதவு போட்டுவிடலாமே” என்று மனைவி இருமுறை கூறினாள். “பூசைக்கு முன் போனஸ் வரட்டும்” என்றேன். போனஸ் வரும்போது மழை தணியத் தொடங்கும். சில வாரங்களில் கதவு தானே சுருங்கித் திருந்திவிடும். பணத்திற்கு வேறு வழி பிறந்துவிடும். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மழைக்காலத்தில் பணமில்லை, பணம் வந்த காலத்தில் குறை கண்ணுக்குத் தெரியவில்லை. நம்மிற் பலர் வீட்டுக் கதவு பழுதுற்றே கிடப்பதற்கு இதுவே காரணம் என்று எண்ணுகின்றேன்.

சென்ற ஆண்டு ஆனியில் ஒரு மாலை, திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கொடியிற் கிடந்த துணிகளை எடுக்கத் தாயார் முற்றத்திற்கு ஓடினார்கள். காற்று கதவை அறைந்து மூடிவிட்டது. வெளியிலிருந்து எத்துணை தள்ளியும் அது திறக்கவில்லை. தோளால் மோதியபோது, பாசி படிந்த சிமெண்டுத் தரையில் கால் வழுக்கி விழுந்தார்கள். மனைவி அடுக்களையில் இருந்தாள். மழையிரைச்சலில் கூப்பிட்ட குரல் கேட்கவில்லை. மழை சற்றுத் தணிந்த பிறகே செய்தி தெரிந்தது. எழுபது வயதைக் கடந்த தாயார் அரை மணி நேரம் மழையில் கிடந்தார்கள். வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது.

நான் இரவுப் பேருந்தில் வந்து இறங்கியபோது கட்டுப் போட்டுப் படுத்திருந்தார்கள். “கதவு என்ன செய்யும், ஈரம் அப்படி” என்று எனக்கு ஆறுதல் கூறினார்கள். அவர்கள் கதவைப் பழிக்கவில்லை, என்னையும் பழிக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

மறுநாளே கதவை மாற்றுவது என்று முடிவு செய்தேன். வளைகுடா நாட்டில் பணிபுரியும் தம்பி தொலைபேசியில், “அண்ணா, மரமே வேண்டாம். அலுமினியச் சட்டத்தில் தள்ளுகின்ற கண்ணாடிக் கதவு போட்டுவிடுவோம். பாதிப் பணம் நான் அனுப்புகிறேன்” என்றான். அண்டை வீட்டார் இரும்புத் தகட்டுக் கதவே சிறந்தது என்றனர். எனக்கோ மரத்தின்மேல் பற்று. மரக்கடை ஒன்றுக்குச் சென்றேன். கடைக்காரர், “எந்து தடியா வேண்டது?” என்று வினவினார். நாற்பதாண்டு இங்கே குடியிருந்தும், தடி என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு கணம் அடிக்கவருகின்றாரோ என்றே தோன்றியது! மலையாளத்தில் தடி என்பது மரம். கட்டிள என்பது நம் நிலை. விஜாகிரி என்பது கீல். சிதல் என்றால் கறையான். அது பழந்தமிழிலும் வழங்கிய சொல்லே. நம் குடும்பத்துப் பெண்டிர் இச் சொற்களை அறிந்து வைத்திருப்பது நன்று. ஆடவர் இல்லாத வேளையில் தச்சரிடம் பேச நேர்வது அவர்களே அன்றோ.

கடைக்காரர் ஒரு முதிய ஆசாரியின் பெயரைச் சொல்லி, அவரை அழைத்துக் காட்டச் சொன்னார். ஆசாரி வந்தார். கதவின் மேற்பாதியை உளியின் முனையால் குத்திப் பார்த்தார், உளி இறங்கவில்லை. அடியில் குத்தினார், சோற்றுப் பருக்கையில் இறங்குவது போல் இறங்கியது. இரு கதவுகளிலும் கீழே முக்கால் முழம் வரை உளுத்திருந்தது. நிலையின் அடிக்கால்களும் அவ்வாறே. “சாரே, புதிய கதவு இன்றைக்கே செய்து தரலாம். பத்தாண்டில் அதுவும் இப்படியே ஆகும். இன்று மழை வரும்போது கதவைப் பார்க்க வேண்டாம், தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள்” என்றார்.

பார்த்தேன். சன்ஷேடின் நீளம் ஒன்றரை அடி. அதன் விளிம்பிலிருந்து வழிந்த நீர் சிமெண்டுத் தரையில் விழுந்து, முழங்கால் உயரம் தெறித்துக் கதவை நனைத்தது. மேற்கிலிருந்து காற்று வீசியபோது மழை சாய்ந்து கதவின்மேல் நேரே அடித்தது. தரையோ கதவை நோக்கிச் சரிந்திருந்தது. ஓடிவந்த நீர் நிலையின் அடியில் தேங்கியது. உளுத்த பகுதியின் எல்லையும், நனைந்த பகுதியின் எல்லையும் கோடு போட்டாற்போல் ஒன்றாய் இருந்தன.

என் தந்தையார் கணக்கில் வல்லவர். அவர் எங்கே தவறினார் என்று சிந்தித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. அவர் தாம் பிறந்த ஊரில் இருந்த வீட்டைப் போலவே இதனைக் கட்டினார். கரிசற் பூமியில் பெருமழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் சில வாரமே பெய்யும். மற்றத் திங்களெல்லாம் வெயில். அங்கே ஒன்றரை அடிச் சன்ஷேடு போதும். வித்துராவிலோ இடவப்பாதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகின்றது; அது ஓய்ந்து மூச்சு விடுமுன் துலாவர்ஷம் வந்துவிடுகின்றது. கோடை மழையும் உண்டு. நனைந்த மரம் உலர்வதற்கு இங்கே இடைவெளி கிடைப்பது அரிது. கதவின் மரம் இவ்வூர் ஆஞ்சிலி. கதவின் கணக்கோ சங்கரன்கோவில் கணக்கு.

மரம் முதுமையால் உளுப்பதில்லை. மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் தொடர்ந்து நின்றால்தான் அதனை அரிக்கும் பூஞ்சணம் வளரும். அதற்குக் கீழே இருந்தால் வளராது. திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்து அரண்மனையே இதற்குச் சான்று. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. 1956 நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லைகள் மாறியபோது அவ்வூர் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அரண்மனையைப் பேணுவது இன்றும் கேரள அரசே. நம் அன்பர்கள் இரணியல் நிலையத்தில் இறங்கி எளிதிற் செல்லலாம். அங்கே மரவேலைப்பாட்டை வியந்து திரும்பிவிடாமல், கூரையையும் பாருங்கள். ஓட்டுக் கூரை சுவரைக் கடந்து வெளியே நீண்டு, தாழ்ந்து இறங்குகின்றது. கூரை நனைகின்றது; கதவு நனைவதில்லை.

சன்ஷேடுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. காற்றில் மழை 45 பாகை சாய்ந்து பெய்தால், ஒன்றரை அடி நீண்ட மறைப்பு அதற்குக் கீழே ஒன்றரை அடி உயரத்தையே காக்கும். நான்கு அடி நீண்டால் நான்கு அடியைக் காக்கும். ஆறரை அடிக் கதவுக்கு ஒன்றரை அடி மறைப்பு என்பது, குழந்தைக் குடையைப் பெரியவர் பிடித்துச் செல்வது போன்றது.

ஆகவே முதலில் சன்ஷேடுக்கு மேலே இரும்புச் சட்டம் பொருத்தி, நான்கு அடி நீளத்திற்குத் தகட்டுக் கூரை இறக்கினோம். அடுத்து, முற்றத்துத் தரையைக் கொத்தி, நீர் வீட்டை விட்டு விலகி ஓடுமாறு சரிவு மாற்றினோம். வழுக்காத சொரசொரப்பான கல் பதித்தோம். கூரை நீர் விழுமிடத்தில் ஒரு முழ அகலத்திற்குச் சரளைக்கல் பரப்பினோம். சரளையில் விழுகின்ற நீர் தெறிப்பதில்லை. கதவு மூன்றாவது வேலையாயிற்று. இம் மூன்றின் வரிசையை மாற்றிச் செய்பவர், ஒரே பணத்தை இருமுறை செலவிட நேரும்.

இனிக் கதவின் பொருளைப் பற்றிச் சில சொற்கள். தம்பி கூறிய கண்ணாடிக் கதவு தாழ்ந்ததன்று. அது உப்பாது, கறையான் தின்னாது, கூடத்திற்கு வெளிச்சம் தரும். ஆனால் அது ஓடுகின்ற தண்டவாளத்தில் மண்ணும் சருகும் சேர்ந்தால் சிக்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை துடைத்தல் வேண்டும். முதியோர் கால் இடறாதவாறு அதனைத் தரை மட்டத்தில் பதிக்கவும் வேண்டும். கண்ணாடி போடுவோர், உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும் பதப்படுத்திய கண்ணாடியையே கேட்டு வாங்குக. இரும்புத் தகட்டுக் கதவு உப்பாது, உறுதியானது. எனினும் கீறல் விழுந்த இடத்திலும் அடி விளிம்பிலும் துருப்பிடிக்கும். யூ.பி.வி.சி. கதவு நீருக்கு அஞ்சாது. மெலிந்ததை வாங்கினால் நாளடைவில் தொய்யும். அவரவர் பணமும் பராமரிப்புக்குரிய நேரமும் நோக்கித் தேர்ந்துகொள்க.

மரத்தை விரும்புவோர்க்கு இங்கே பலாவும் ஆஞ்சிலியும் கிடைக்கின்றன. நாம் அயினி என்பதே இவர்கள் சொல்லும் ஆஞ்சிலி. கேரளத்துச் சுண்டன் வள்ளங்கள் இம் மரத்தால் ஆனவை. நீரைத் தாங்குவதற்கு வேறு சான்று வேண்டா. எம் மரமாயினும் வைரம் பாய்ந்த உட்கட்டையே உழைக்கும். வெளிறிய புறக்கட்டை தேக்கிலும் உளுக்கும். எங்கள் பழைய கதவின் கீழ்ச்சட்டத்தில் இரண்டு விரல் அகலம் வெளிறு இருந்ததை ஆசாரி காட்டினார். கறையானும் முதலில் நுழைந்தது அதன் வழியே. ரப்பர் மரம் இப்பக்கத்தில் மலிவு. மருந்திட்டால் அறைக்குள் மேசை நாற்காலிக்கு உதவும். மழை படும் கதவுக்கு ஆகாது.

மரம் உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. புதிதாய் அறுத்த மரத்தில் ஈரம் மிகுதி. கதவுக்குரிய மரத்தில் அது நூற்றுக்கு 12 முதல் 15 பங்குக்குள் இருத்தல் நன்று. ஊசி போன்ற இரு முனைகளைப் பதித்து ஈரத்தை அளக்கும் சிறு கருவி உண்டு; கடைக்காரரிடம் அளந்து காட்டச் சொல்லுக. வாங்கிய பலகைகளை, இடையே கட்டை வைத்து அடுக்கி, வீட்டினுள் காற்றோட்டத்தில் சில வாரம் கிடத்துதல் வேண்டும். நாங்கள் தையில் மரம் வாங்கி, பங்குனியில் கதவு மாட்டினோம்.

மரம் ஈரத்தால் அகலத்தில் உப்பும். நீளத்தில் ஏறக்குறைய உப்பாது. ஆதலின் நல்ல கதவில் சட்டங்களை மட்டும் இறுகப் பூட்டி, நடுப்பலகையைப் பள்ளத்தில் பசையின்றிச் செருகி வைப்பர். பலகை உப்பினாலும் பள்ளத்துக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும்; கதவின் அகலம் மிகுதியாக மாறாது. கதவுக்கும் நிலைக்கும் இடையே, இரண்டு நாணயங்களை அடுக்கிய கனம் இடைவெளி விடுதல் வேண்டும். வண்ணமோ எண்ணெயோ பூசும்போது, கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்பையும் மேல் விளிம்பையும் மறவாதீர். வெட்டுமுனைதான் நீரை மிகுதியாகக் குடிக்கும். கதவை மாட்டு முன்பே அதனைப் பூசிவிட வேண்டும். மாட்டிய பின் தூரிகை புகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரயில்வேயில் மரச் சிலிப்பர் கட்டைகளுக்குக் கிரியோசோட்டு என்னும் தார் எண்ணெய் ஏற்றி வந்தனர். அக் கட்டைகளை விலைக்கு வாங்கி நிலையாகவும் படியாகவும் அமைப்போர் உளர். வீட்டிற்கு அது வேண்டா. அவ் வெண்ணெய் தோலுக்கும் உடலுக்கும் தீங்கு. அதன் நெடியும் நெடுநாள் போகாது. இரயில்வேக்காரன் சொல்கின்றேன், நம்புங்கள்.

வாடகை வீட்டில் இருப்போர் சொந்தச் செலவில் கதவை மாற்றுமுன் வீட்டுக்காரரின் இசைவை எழுத்தில் பெறுக. அவர் இசையாவிடினும், வாயிற்படியில் தேங்கும் நீரை வழித்துவிடவும், பாசியைத் தேய்த்துக் கழுவவும், துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் இடவும் எவர் இசைவும் வேண்டா. கதவு சிக்குமானால் முதியோரும் சிறுவரும் தனியே அதன் வழி செல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். இதனை நான் பிறரிடமிருந்து கற்றிருக்கலாம்.

எங்கள் கதவுக்கு மீண்டும் வருகின்றேன். கனத்த இரும்புத் தாழ்ப்பாளுக்கு மாறாக, முழங்கையால் அழுத்தினாலும் திறக்கும் நீண்ட கைப்பிடி வைத்தோம். இருபுறமும் அது உண்டு. காற்று அறைந்து மூடாதபடி சுவரில் கொக்கி அமைத்தோம். நிலையின் அடிக்கால்களில் உளுத்த பகுதியை அறுத்து நீக்கி, கருங்கல் துண்டின்மேல் நிறுத்தினோம். கதவின் அடியில், வழிகின்ற நீரை வெளியே தள்ளும் சரிந்த சட்டம் ஒன்று வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டது. செலவு தம்பி சொன்ன கண்ணாடிக் கதவைவிடச் சற்று மிகுந்தது. பாதி அவன் பணம். மீதி அலுவலகக் கூட்டுறவுக் கடன். “மரமா போட்டீர்கள்?” என்று முதலில் வருந்தினான். பின்பு படம் பார்த்து, “கூரையையல்லவா முதலில் போட்டிருக்கிறீர்கள்” என்று மகிழ்ந்தான்.

பழைய கதவைக் கழற்றிய நாளில் தாயார் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தந்தையார் மாட்டிய கதவு அன்றோ என்று நான் ஏதோ சமாதானம் கூறத் தொடங்கினேன். அவர்கள் கேட்டது வேறு: “வண்ணம் அடித்துவிட்டால் பால் கணக்கை எங்கேயடா போடுவேன்?”

ஆசாரி சிரித்தார். பழைய கதவின் மேற்பலகைகள் இரண்டும் பழுதில்லாதவை. அவற்றை வீணாக்க அவருக்கும் மனமில்லை. புதிய சட்டத்தின் மேற்கட்டத்தில் அவற்றையே செருகித் தந்தார். உட்புறத்தில் வண்ணம் இல்லை. எண்ணெய் மட்டும் தடவி, உலரத் துடைத்துவிட்டார்.

இவ்வாண்டு ஆனி மழை தொடங்கி மூன்று வாரம் ஆகின்றது. கதவு சிக்கவில்லை. நேற்று மாலை நான் விடுப்பில் வீட்டிலிருந்தேன். மழை வந்ததும் தாயார் துணி எடுக்க எழுந்தார்கள். நான் எழுவதற்குள், முறிந்து கூடிய வலக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இடமுழங்கையால் கைப்பிடியை அழுத்திப் புதுக் கூரையின்கீழ் சென்றுவிட்டார்கள். திரும்பி வந்ததும் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கோடு ஒன்று கிழித்தார்கள். வலக்கை இன்னும் சரியாக வராமையால் கோடு சற்றுக் கோணியிருந்தது.

பிற அடுத்த திங்கள்.